எந்த அம்மு? மாட்டாஸ்பத்திரி பதிவு சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணப் போனா என்னெல்லாம் வரும்

காலைல எட்டரை மணி, மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு பிரைவேட் கிளினிக். போர்டுல என்னமோ பெரிய பேரு, ஊர்ல எல்லாரும் சொல்றது மாட்டாஸ்பத்திரின்னுதான், வர்றதுல பாதிக்கு மேல நாயும் பூனையுமா இருந்தாலும். நான் கவுண்டருக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஓரமா உக்காந்திருந்தேன். ஒரு அம்மா பசுவை வெளிய மரத்துல கட்டிப்போட்டுட்டு உள்ள வந்தாங்க.

"பசுவுக்க பேரு என்னம்மா?"

"அம்மு."

கவுண்டர் பையன் போன் நம்பரைத் தட்டினான். "இந்த நம்பர்ல ரெண்டு அம்மு கெடக்கே, இது எந்த அம்மு?"

"பெரிய அம்மு மக்களே. சின்னது வீட்டுல நிக்குது."

"ரெண்டுக்கும் ஒரே வயசுல்லா போட்டிருக்கு."

"அது நீங்க போட்டதுதானே!"

பையன் ஒரு செகண்ட் யோசிச்சான், மேல இருந்ததை கிளிக் பண்ணி டோக்கன் அடிச்சுக் குடுத்துட்டான். சரியான அம்முவா தப்பான அம்முவான்னு அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆனா அந்த ரெண்டுல ஒண்ணு சினை. சினை மாட்டுக்குக் குடுக்கக்கூடாத மருந்துன்னு ஒரு லிஸ்டே இருக்கு, டாக்டர் ஸ்கிரீன்ல ‘சினை இல்லை’ன்னு இருந்தா அவசரத்துல அதை நம்பிடவும் வாய்ப்பு இருக்கு.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர், நாகர்கோவில்ல வீட்டுல இருந்தே வேலை. பேங்க் ஆப், கடை பில்லிங் எல்லாம் டெஸ்ட் பண்ணியிருக்கேன். மாட்டாஸ்பத்திரி பதிவு சாஃப்ட்வேர்னு சொன்னப்ப ‘ஒரு ஃபார்ம், பத்து ஃபீல்டு, ரெண்டு நாள் வேலை’ன்னு நினைச்சேன். அந்த நினைப்பு எங்க இடறிச்சுன்னா, மனுஷ ஆஸ்பத்திரில நோயாளி வாயைத் திறந்து ‘நான் இன்னார், எனக்கு இன்ன வயசு’ன்னு சொல்லிடுவாரு, மயங்கிக் கிடந்தாலும் பாக்கெட்டுல ஏதாவது கார்டு இருக்கும். இங்க நோயாளி தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. ரெக்கார்டுல ஏறுற ஒவ்வொரு விஷயமும் வேற ஒருத்தர் வாய்ச்சொல்லு, அந்த ஒருத்தரும் தடவைக்குத் தடவை மாறுவாரு, இன்னைக்கு அம்மா, அடுத்த தடவை மகன், அதுக்கடுத்த தடவை பக்கத்து வீட்டு அண்ணன். அதனால இந்த சாஃப்ட்வேர்ல டெஸ்ட் பண்ண வேண்டியது ‘சேவ் பட்டன் வேலை செய்யுதா’ங்கிறது இல்ல, சொல்றவங்க மாறினாலும் தப்பாச் சொன்னாலும் மிருகம் அதே மிருகமா நிக்குதாங்கிறதுதான்.

இந்த மாதிரி சாஃப்ட்வேர் நிறைய, மனுஷ ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரை எடுத்து ‘பேஷன்ட்’டை ‘அனிமல்’னு மாத்தி, அப்பா பேரு இருந்த இடத்துல ஓனர் பேருன்னு எழுதி விட்டதுதான். டெவலப்பரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரி டேட்டாவை ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்ப உலகம் முழுக்க எச்எல்7 அமைப்போட ‘ஃபையர்’னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. அதுல பேஷன்ட்ங்கிற விளக்கத்துக்குள்ளயே மிருகமும் அடக்கம். மொத வெர்ஷன்கள்ல இனம், ரகம், கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சாங்கிறதுக்கெல்லாம் அதுக்குள்ளயே இடம் இருந்துச்சு, ஆர்4 வெர்ஷன்ல அதைப் பிரிச்சு தனி ‘எக்ஸ்டென்ஷன்’ ஆக்கிட்டாங்க. அதாவது மிருகம்னா ஒட்டுச்சேர்க்கை. ஸ்டாண்டர்டே அப்படின்னா நம்ம ஊரு சாஃப்ட்வேர் எப்படி இருக்கும்.

சரி, ஒவ்வொண்ணா வர்றேன். மொதல்ல நம்பர்கள்.

நம்ம நாட்டுல மாட்டுக்கு காதுல மஞ்சள் வில்லை போட்டிருப்பாங்கல்லா, அதுல 12 இலக்க நம்பரும் பார்கோடும் இருக்கும். முன்னாடி தேசிய பால்வள வாரியம் பண்ணின ஐநாஃப்ங்கிற சாஃப்ட்வேர்ல ஏத்தினது, இப்ப பாரத் பசுதன்ங்கிறதுல ஏறுது, ‘பசு ஆதார்’னு பேரு. இப்ப பாருங்க, மனுஷ ஆதாரும் 12 இலக்கம்! கவுண்டர்ல ‘ஆதார் நம்பர் சொல்லுங்க’ன்னா ஆளு தன்னோட கார்டை நீட்டுவாரு, பையன் அதை அப்படியே காதுவில்லை கட்டத்துல அடிப்பான், 12 இலக்கம் இருக்கு, எல்லாம் எண்ணு, சாஃப்ட்வேர் பச்சை டிக் போடும். நீளத்தை மட்டும் செக் பண்ற டெஸ்ட் கேஸ் இதைப் பிடிக்கவே பிடிக்காது. மனுஷ ஆதாரோட கடைசி இலக்கம் வெர்ஹோஃப்னு ஒரு கணக்குப்படி வர்ற சரிபார்ப்பு இலக்கம், மொத இலக்கம் 0வோ 1ஓ வராது. அந்தக் கணக்குல சரியா உக்கார்ற நம்பர் வில்லைக் கட்டத்துல வந்தா ‘இது ஆள் நம்பர் மாதிரி இருக்கே’ன்னு ஒரு கேள்வியாவது கேக்கணும், தடுக்க வேண்டாம், கேட்டாப் போதும், ஏன்னா தற்செயலா பத்துல ஒரு நம்பர் அந்தக் கணக்குல உக்காந்திடும். அதுபோக, நாய்க்கு ஊசி போட வந்தவரோட ஆதார் நமக்கு எதுக்குன்னு ஒரு டெஸ்டர் கேக்கலாம், கேக்கணும், 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல வாங்காதேன்னுதான் சொல்லுது.

நாய் பூனைக்கு மைக்ரோசிப். ஐஎஸ்ஓ 11784, 11785 படி உள்ளதுன்னா 15 இலக்கம், ரீடர் 134.2 கிலோஹெர்ட்ஸ்ல படிக்கும். மொத மூணு இலக்கம் நாட்டு கோடு, இந்தியான்னா 356, இல்லன்னா 900ல இருந்து தொடங்குற கம்பெனி கோடு. வெளிநாட்டுல இருந்து வீடு திரும்புறவங்க நாயையும் கூட்டிட்டு வருவாங்க, அப்ப என்ன ஆகும்னா பெல்ஜியம் கோடு 056, ஆஸ்திரியா 040. டேட்டாபேஸ்ல சிப் நம்பரை எண்ணா வச்சிருந்தா முன்னாடி இருக்கிற சைபர் காணாம போயிடும், 15 இலக்கம் 14 ஆகிடும், அடுத்த தடவை ரீடர் வச்சுத் தேடினா ‘இப்படி நாய் இல்லை’. நம்பர்னு பேரு இருந்தா எண்ணுன்னு அர்த்தம் இல்ல, கூட்டிக் கழிக்க மாட்டோம்னா அது எழுத்துதான். எக்செல் இன்னும் மோசம், 12 இலக்க காதுவில்லை நம்பரை சும்மா ஒரு செல்லுல போட்டா 3.56E+11 மாதிரி ஆக்கிக் காட்டும், அதை சிஎஸ்வியா, அதாவது வெறும் எழுத்து ஃபைலா சேவ் பண்ணி திரும்ப ஏத்தினா மாடெல்லாம் ஒரே நம்பர்ல வந்து நிக்கும். ‘எக்ஸ்போர்ட் பண்ணு, எக்செல்ல திற, சேவ் பண்ணு, திரும்ப இம்போர்ட் பண்ணு’ங்கிற டெஸ்ட்டை எழுதாம விடவே கூடாது, ஏன்னா ஆபீஸ்ல இருக்குறவங்க மொதல்ல பண்ற வேலையே அதுதான்.

இன்னொண்ணு எனக்கு நேர்ல பாத்தாதான் தெரிஞ்சுது. பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான், நம்பரை ‘டைப்’ பண்ணிட்டு கடைசில பெரும்பாலும் ஒரு என்டரும் தட்டிடும். என்டர்னா சேவ். அப்ப வில்லையை ஸ்கேன் பண்ணின அடுத்த நிமிஷமே ஃபார்ம் பாதியில சேவ் ஆகி, பேர் இல்லாத ஓனர் இல்லாத ஒரு மாடு டேட்டாபேஸ்ல பொறந்திடும். பையன் ‘அய்யோ’ன்னு மறுபடி புதுசா போடுவான், அப்ப ஒரே மாடு ரெண்டு. கர்சர் போன் நம்பர் கட்டத்துல நின்னா வில்லை நம்பர் போன் நம்பர் ஆகிடும். ஆபீஸ்ல ஏசில உக்காந்து கையால டைப் பண்ணி டெஸ்ட் பண்ணினா இது ஒரு ஜென்மத்துலயும் வராது, ஒரு ஸ்கேனரை வாங்கிக் கையில வச்சுக்கணும்.

அடுத்து பேரு. இதுல ரெண்டு பேரு இருக்கு, மிருகத்தோடதும் ஆளோடதும், ரெண்டுமே நம்ப முடியாதது. மாடுன்னா அம்மு, லட்சுமி. நாய்னா டைகர், ஜிம்மி, பப்பி. அஞ்சு குட்டியை ஒரு அட்டைப்பெட்டில போட்டுக் கொண்டு வருவாங்க, ஒண்ணுக்கும் பேரு கிடையாது, ஆனா பேரு கட்டத்துல சிவப்பு நட்சத்திரம். பையன் ‘குட்டி1, குட்டி2’ன்னு போடுவான். ரெண்டு வாரம் கழிச்சு அதுல மூணு மட்டும் வரும், எது குட்டி2ன்னு யாருக்குத் தெரியும்.

ஆளு பேருல இனிஷியல் தலைவலி. அப்பா பேரு இனிஷியல் முன்னாடி சிலருக்கு, பின்னாடி சிலருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் மாறும், விளவங்கோடு பக்கம் வீட்டுப்பேரையும் சேத்துச் சொல்லுவாங்க. தமிழ்ல டைப் பண்ணின பேருன்னா கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் வேற. ‘கௌரி’ன்னு எடுத்துக்கோங்க. சரியா அடிச்சா க, அதோட ஒரு ஔகாரக் குறி, அப்புறம் ரி. ஆனா நெறைய பேர் க, ஒற்றைக்கொம்பு, அப்புறம் ள எழுத்துன்னு அடிப்பாங்க, ‘கெளரி’ன்னு வரும், ஸ்கிரீன்ல பாத்தா பெரும்பாலான ஃபான்ட்ல வித்தியாசமே தெரியாது. தேடினா கிடைக்காது, புது ரெக்கார்ட் போடுவாங்க. ‘கோமதி’லயும் இருக்கு, அந்த ஓகாரத்தை யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணா வைக்கிற முறைல, ஒரே குறியாவும் வைக்கலாம் ரெண்டு துண்டாவும் வைக்கலாம், பாக்க ஒண்ணு. இந்த ரெண்டாவதை யூனிகோடோட நார்மலைசேஷன்னு ஒரே மாதிரி ஆக்குற வழி சரி பண்ணிடும், மொதல்ல சொன்ன கௌரியை அது தொடவே தொடாது, ஏன்னா அதுக்கு அது வேற எழுத்து. அதனால டெஸ்ட் டேட்டால ரெண்டு கௌரியும் கண்டிப்பா இருக்கணும்.

நீளமும் அப்படித்தான். நாகர்கோவில்ங்கிறதுல நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடுக்கு 11, யுடிஎஃப்-8ங்கிற முறைல சேமிச்சா 33 பைட். முப்பது பைட்ல கட்டம் வச்சவன் கடைசி ‘ல்’லோட புள்ளியை வெட்டி ‘நாகர்கோவில’ன்னு நிறுத்துவான். எஸ்எம்எஸ்லயும் இதே கதை, இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ன்னா 70தான், அதைத் தாண்டிச்சுன்னா 67, 67ஆ உடைஞ்சு ரெண்டு மெசேஜ் காசு. தடுப்பூசி தேதி கடைசில வர்ற மாதிரி வாசகம் எழுதி எங்கயாவது எழுத்தை வெட்டினா, போறது முக்கியமான அந்த தேதிதான். ஒரு காமெடி சொல்றேன், தேடல் கட்டத்துல ‘கன்னி’ன்னு அடிச்சேன், கன்னிங்கிறது நம்ம தெக்கத்தி வேட்டை நாய் ரகம், சிப்பிப்பாறை ராஜபாளையம் மாதிரி. அட்ரஸ்ல கன்னியாகுமரி மாவட்டம்னு இருந்த அத்தனை பேரும் வரிசையா வந்து நின்னாங்க.

வயசு. இதுல கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏன்னா அழகான டெஸ்டிங் எல்லாம் இங்கதான் இருக்கு. சாஃப்ட்வேர் கேக்குறது பிறந்த தேதி, நாள் மாசம் வருஷம். ஆளு சொல்றது ‘ஒக்கி அடிச்சதுக்கு முந்தின மாசம் பொறந்தது’. ஒக்கி புயல் அடிச்சது 2017 நவம்பர் 30, அப்ப அக்டோபர் 2017, தேதி தெரியாது. இன்னொருத்தர் ‘கோட்டாறு சவேரியார் கோயில் திருநாளுக்கு வாங்கினோம், அப்ப பல்லு போட்டிருந்து’ம்பாரு. இதெல்லாம் உண்மையிலேயே நல்ல தகவல், மாசம் வரைக்கும் சரியா சொல்லுது, ஆனா கட்டத்துக்கு நாள் வேணும். பையன் என்ன பண்ணுவான், ஜனவரி 1. ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற ஒரு கிளினிக் டேட்டாவைப் பிறந்த தேதி வாரியா எண்ணிப் பாருங்க, ஜனவரி 1ல பொறந்த மிருகம் மலை மாதிரி நிக்கும். அந்த மலைதான் பக் ரிப்போர்ட், அதாவது சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு டெஸ்டர் எழுதிக் குடுக்குறது. சரியான ஃபார்ம்னா ‘சுமாரா’ன்னு ஒரு டிக் இருக்கணும், மாசம் மட்டும் போட்டாலும் ஏத்துக்கணும், அப்புறம் அந்த சுமார்ங்கிறது டாக்டர் ஸ்கிரீன் வரைக்கும் போய்ச் சேரணும், வழில எங்கயோ 01ன்னு கெட்டியாகிடக் கூடாது.

இது எதுக்கு முக்கியம்னா கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ். 2019 செப்டம்பர்ல தொடங்கின தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துல கோமாரியோட சேத்து இதுக்கும் ஊசி உண்டு. கிடாரிக் கன்னுக்கு மட்டும், நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள, வாழ்நாள்ல ஒரே தடவை. உயிருள்ள கிருமி ஊசி, சினை மாட்டுக்குப் போட்டா கன்னு வீசிடலாம், போடுற ஆளு கையில குத்திக்கிட்டா அவருக்கும் ஆபத்து. அப்ப டெஸ்டருக்கு எல்லைகள் தானா வந்து நிக்குது. நாலு மாசத்துக்கு ஒரு நாள் குறைவு, சரியா நாலு மாசம், சரியா எட்டு மாசம், எட்டுக்கு மேல ஒரு நாள். காளைக்கன்னு வந்தா நிறுத்தணும், ஏற்கெனவே போட்டதுன்னா நிறுத்தணும்.

அதுலயும் அக்டோபர் 31ல பொறந்த கன்னு எடுத்துக்கோங்க, நாலு மாசம் கூட்டினா பிப்ரவரி 31. அப்படி நாளே இல்ல! சில சாஃப்ட்வேர் பிப்ரவரி 28ன்னு காட்டும், ஜாவாஸ்கிரிப்ட்ல யோசிக்காம மாசத்தைக் கூட்டி வச்சிருந்தா மார்ச் 3ன்னு வழிஞ்சு போகும், இன்னொருத்தர் 120 நாள்னு எழுதி வச்சிருந்தா இந்தக் கன்னுக்கு பிப்ரவரி 28தான் வரும், மத்த கன்னுக்கெல்லாம் பெரும்பாலும் வேற தேதி ஆகிடும். நிஜத்துல மூணு நாளு வித்தியாசத்துல கன்னுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரே சாஃப்ட்வேர்ல பதிவு ஸ்கிரீன் ஒரு தேதியும் நினைவூட்டல் மெசேஜ் இன்னொரு தேதியும் சொன்னா ஆளு ரெண்டு தடவை ஆட்டோ பிடிச்சு வருவாரு. திட்டு கவுண்டர் பையனுக்கு.

இனம், ஆண் பெண், எடை, இது மூணும் சுருக்கமா. இனம் டிராப்டவுன்ல மொதல்லயே ‘நாய்’னு வந்து நிக்கும், வசதிக்குன்னு. அவசரத்துல பூனையும் நாயா ஏறும். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், நாய்க்குப் போடுற பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம், அதனால அந்த ‘வசதி’யை நான் பெரிய பக்னுதான் எழுதினேன், டெவலப்பர் ‘இது பக் இல்ல, ஃபீச்சர்’னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாரு, மூணாவது தடவை டாக்டரையே போன்ல பேச வச்சேன். ரகத்துல ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கும், நாட்டு நாய் இருக்காது. எடைல ரெண்டு தசமம்தான் விட்டிருந்தாங்க. நானூறு கிலோ மாட்டுக்கு அது ஜாஸ்தி. 35 கிராம் லவ்பேர்ட்ஸ் வந்தா 0.035 கிலோ, அது 0.04 ஆகிடும், மருந்து ஏழுல ஒரு பங்கு கூடிப் போச்சு.

ஓனர்ங்கிற கட்டம்தான் எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சாஃப்ட்வேர் நினைக்கிறது, ஒரு போன் நம்பர்னா ஒரு ஓனர், ஒரு ஓனருக்கு சில மிருகம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அண்ணன் தம்பி மூணு பேரு மாடும் ஒரே தொழுவத்துல நிக்கும், போன் அண்ணனோடது. பசு சந்தைல கை மாறும், காதுல அதே வில்லை, ஆள் வேற. புது ஆள் கொண்டு வந்து வில்லையை ஸ்கேன் பண்ணினா பழைய ஆளோட பேரு, போன், பாக்கி பில்லு எல்லாம் ஸ்கிரீன்ல விரியும், அது புது ஆளுக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்ல. ஆனா மாட்டோட ஊசி வரலாறு மட்டும் கூடவே போகணும். மாடு போகுது வரலாறு போகுது, பில்லு போகக்கூடாது, இதை மட்டும் நாலஞ்சு விதமா எழுதி டெஸ்ட் பண்ணினேன்.

களியக்காவிளை எல்லையைத் தாண்டி பாறசாலைக்காரங்க சாதாரணமா வருவாங்க, பின்கோடு 695, மாநிலம் கேரளா. இந்த சாஃப்ட்வேர்ல மாநிலம் தமிழ்நாடுன்னு பூட்டி வச்சிருந்தாங்க, 629ல தொடங்காத பின்கோடு போட்டா ‘தவறு’. பையன் 629001ன்னு போட்டு முடிச்சிட்டான், எல்லாரும் நாகர்கோவில்காரங்க ஆகிட்டாங்க. ஒரு கட்டம் உண்மையை ஏத்துக்கலைன்னா ஜனங்க பொய்யை வச்சு நிரப்பிடுவாங்க, இந்த ஒரு சாஃப்ட்வேர்ல மட்டும் எத்தனை தடவை பாத்தாச்சு.

தெரு நாய்க்கு ஓனரே கிடையாது. அடிபட்டதை யாரோ ஒரு பிள்ளை ஸ்கூட்டில தூக்கிட்டு வரும், ஓனர் கட்டம் கட்டாயம், அந்தப் பிள்ளை பேரையே போட்டுடுவாங்க, மூணு மாசம் கழிச்சு அதுக்கு ‘உங்க நாய்க்குத் தடுப்பூசி’ன்னு மெசேஜ் போகும். கருத்தடை ஆபரேஷன் விஷயத்துல இன்னும் முக்கியம், 2023ல வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு (ஏபிசி) விதிகள் படி நாயைப் பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும், காதுல ஒரு வெட்டு அடையாளம். அப்ப அந்த நாய்க்கு ஓனர் பேரை விட ‘எங்க பிடிச்சது’ங்கிறதுதான் அடையாளம், நம்ம ஃபார்ம்ல அந்தக் கட்டமே இல்ல, அட்ரஸ்ல ஓனர் வீடுதான். கடிச்ச நாயைப் பத்து நாள் பாக்கச் சொல்லுவாங்கல்லா, அந்தப் பத்து நாளும் எந்த நாயைப் பாக்குறோம்ங்கிறது ஒரு மனுஷ உயிரு சம்பந்தப்பட்டது. ‘தெரு நாய், பழுப்பு, வடசேரி’ன்னு மூணு ரெக்கார்ட் கெடந்தா?

இப்ப என் தப்பு ஒண்ணு. டெஸ்ட் பண்ண டேட்டா வேணும்னு கேட்டேன், கிளினிக்ல இருந்து நிஜ டேட்டாவையே காப்பி பண்ணிக் குடுத்தாங்க, நானும் போன் நம்பரை மாத்தாம ஏத்தினேன். தடுப்பூசி நினைவூட்டல் வேலை செய்யுதான்னு பாக்க ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஜாபை ஓட்டினேன். டெஸ்ட் சர்வர்ல எஸ்எம்எஸ்ஸை நிஜமாவே மெசேஜ் அனுப்புற கேட்வேயோட இணைச்சிருந்தது எனக்குத் தெரியாது, நான் பாத்திருக்கணும். மறுநாள் காலைல கிளினிக்குக்கு வரிசையா போன். அதுல ஒருத்தருக்கு ‘உங்கள் ஜிம்மிக்கு நாளை தடுப்பூசி’ன்னு போயிருக்கு, ஜிம்மி செத்து எட்டு மாசம். அவரு சத்தம் கூடப் போடலையாம், ‘அது இல்லியே’ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாராம். நான் போன்ல கூப்பிட்டு மன்னிப்பு கேக்கணும்னு நினைச்சேன், கேக்கல.

அதுல ரெண்டு பக் இருந்துச்சு. ஒண்ணு என்னோடது, நிஜ நம்பரை வச்சு டெஸ்ட் பண்ணக்கூடாது, அப்போ இருந்து டேட்டா கையில வந்த உடனே நம்பரை எல்லாம் என் நம்பரா மாத்திட்டுத்தான் மறுவேலை. ரெண்டாவது சாஃப்ட்வேரோடது, இறந்ததுன்னு குறிக்க இடமே பதிவு ஸ்கிரீன்ல இல்ல, டாக்டர் குறிப்புல மட்டும் எழுதியிருந்தாரு. மிருகம் எந்தெந்த நிலையில இருக்கலாம்னு ஒரு படம் வரைஞ்சு பாத்தாதான் தெரியுது: வந்தது, சிகிச்சைல, வீட்டுல, வித்தது, காணாம போனது, இறந்தது. காணாம போனதுல இருந்து திரும்ப வரலாம், பூனைன்னா வந்தே தீரும். இறந்ததுல இருந்தும் திரும்ப வர வழி வேணும், ஏன்னா பையன் சின்ன அம்முவுக்குப் பதில் பெரிய அம்முவை இறந்ததா குறிச்சிருப்பான். யாரு, எப்ப மாத்தினாங்கன்னு பதிவு இருந்தா போதும்.

ரெண்டு ரெக்கார்டை ஒண்ணாக்குற ‘மெர்ஜ்’ பட்டனும் அப்படியே, ஒண்ணாக்கினதைப் பிரிக்க முடியலைன்னா அந்தப் பட்டனை வெளியவே விடாதீங்கன்னு எழுதினேன். ஒரே மாடு ரெண்டா இருந்தா ஊசி ரெண்டு தடவை போகும், ரெண்டு மாடு ஒண்ணா போனா சினை மாட்டுக்கு சினை இல்லாததோட வரலாறு வந்து ஒட்டும், ரெண்டாவதுதான் மோசம்.

கூட்டம், கரண்ட், நெட்வொர்க் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், எல்லா சாஃப்ட்வேருக்கும் உள்ளதுதான். செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தினத்துல இலவச ஊசி முகாம் போட்டா லைன் ரோடு வரைக்கும் நிக்கும், ஒரு நாய்க்குப் பதினாலு கிளிக்னா பேப்பர் நோட்டை எடுத்துடுவாங்க, அதுவே தோல்வி. பேச்சிப்பாறைக்கு மேல போனா சிக்னல் போயிடும், ரெண்டு போன்ல ஆஃப்லைன்ல ரெண்டு பேரும் டோக்கன் 17 குடுத்திருப்பாங்க, கீழ இறங்கி ரெண்டு போன் டேட்டாவும் ஒண்ணுசேர்ந்து சிங்க் ஆகுறப்ப எந்த 17 ஜெயிக்கும்னு பாத்துக்கணும். கன்னு போட முடியாம தவிக்கிற பசு வந்தா, ஃபார்மே இல்லாம ஒரு டோக்கன் மட்டும் குடுத்து உள்ள அனுப்ப வழி இருக்கணும், பேரு ஊரு எல்லாம் பிறகு.

கடைசில நான் எழுதினது இருநூத்துக்கும் மேல டெஸ்ட் கேஸ், ரெண்டு நாள் வேலைன்னு சொன்னவன். அதுல உருப்படியானது எல்லாமே கவுண்டர் பின்னாடி அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கேட்டது, ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல இருந்து வந்தது கொஞ்சம்தான். புது வெர்ஷன்ல ஒரே ஓனர்கிட்ட ஒரே பேருல ரெண்டு இருந்தா போட்டோவும் நிறமும் காதுவில்லையோட கடைசி நாலு நம்பரும் பக்கத்துல பக்கத்துல காட்டும், நெத்தில வெள்ளை இருக்கா இல்லையான்னு பாத்தே பையன் சொல்லிடலாம். அது வந்த வாரம் நான் மறுபடி போய் உக்காந்தேன். அந்த அம்மா வந்தாங்க, பெரிய அம்மு கன்னு போட்டிருந்தது, கிடாரி. பையன் தாய் ரெக்கார்டைத் திறந்தான், ஒரே தடவைல சரியான அம்மு. ‘கன்னு சேர்’னு பட்டனை அழுத்தினான், பிறந்த தேதி கரெக்டா வந்துது, இனம் வந்துது, பேரு கட்டம் காலி.

"கன்னுக்கு என்ன பேருங்கம்மா போடணும்?"

அவங்க வெளிய மரத்தடியைப் பாத்தாங்க, கொஞ்சம் யோசிச்சாங்க. "அம்முன்னே போடு மக்களே."